காற்றுக்குக் காத்திருக்கும் எஞ்சின்

முழுப் பாரத்துடன் ஏற்றத்தில் நிற்கும் பழைய டீசல் வண்டி புறப்படும்போது, முதல் இரண்டு மூன்று விநாடிகள் ஒரு தவிப்பு தெரியும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை அழுத்துகிறார். புகைக்குழாயிலிருந்து கரும்புகை குப்பென்று கிளம்புகிறது. வண்டி மட்டும் நகரத் தயங்குகிறது. பிறகு மெல்லிய சீழ்க்கைபோல ஒரு சத்தம் எழுந்து உயர, புகை வெளுத்து, வண்டி இழுக்கத் தொடங்குகிறது. 'பிக்கப் இல்லை' என்று ஓட்டுநர்கள் சொல்லும் இந்தத் தாமதத்துக்குள் ஒரு வட்டம் ஒளிந்திருக்கிறது. சிலிண்டரில் நிறைய டீசல் எரிய நிறையக் காற்று வேண்டும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது டர்போசார்ஜர். டர்போ சுழல, எஞ்சினிலிருந்து சூடான வாயு வேகமாக வெளியேற வேண்டும். அப்படி வாயு வர வேண்டுமானால் நிறைய டீசல் எரிய வேண்டும். டீசலை ஊட்டும் பம்பு டர்போவுக்காகவும், டர்போ வாயுவுக்காகவும், வாயு பம்புக்காகவும் காத்திருக்கின்றன. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற டர்போசார்ஜரோடு கூடவே பிறந்த வட்டம் இது. இதை உடைக்க வந்த வழிகளில் ஒன்று, வாயு நுழையும் வழியின் அளவையே ஓட்டத்தின் நடுவில் மாற்றிக்கொள்ளும் டர்போ. ஆங்கிலச் சுருக்கப்படி 'விஜிடி' என்பார்கள். மாறுவழி டர்போ என்று சொல்லலாம். புது வண்டிகளுக்கென்று பிறந்த இந்தக் கருவியைப் பழைய வண்டியில் பொருத்தலாமா, பொருத்தினால் என்ன கிடைக்கும் என்பது டீசல் மெக்கானிக்குகள் நடுவே நெடுநாளாக நடக்கும் வாதம்.

வாதத்தைத் தரையில் நிறுத்திப் பேச, அமெரிக்காவின் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1989 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் டிரக்குகளில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 12 வால்வு டீசல் எஞ்சின் வந்தது. பண்ணைக்காரர்கள் குதிரை டிரெய்லரையும் வைக்கோல் பாரத்தையும் இழுக்க வாங்கிய இந்த வண்டிகள் லட்சக்கணக்கான மைல்கள் ஓடியும் இன்றும் தெருவில் இருக்கின்றன. 1994 மாடலிலிருந்து இதில் பாஷ் நிறுவனத்தின் பி7100 என்ற வரிசைப் பம்பு. எல்லாமே இரும்பும் ஸ்பிரிங்கும்தான். எஞ்சின் ஓடக் கம்ப்யூட்டர் தேவையில்லை. நமக்கும் இந்தக் குடும்பம் அந்நியமில்லை. 1993-இல் உருவான டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் இதே 5.9 லிட்டர் எஞ்சினை டாடா லாரிகளுக்காகத் தயாரித்தது. அமெரிக்க டிரக்கில் 1994 முதல் இருந்த டர்போ, ஹோல்செட் எச்எக்ஸ்35. ஹோல்செட் என்பது இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் 1952-இல் தொடங்கி, 1973-இல் கம்மின்ஸிடம் வந்த நிறுவனம். 2007-இன் நடுவில் 5.9-க்குப் பதிலாக 6.7 லிட்டர் எஞ்சின் வந்தபோது, அதே ஹோல்செட்டின் எச்இ351விஇ என்ற மாறுவழி டர்போவும் சேர்ந்து வந்தது. விபத்தில் நொறுங்கிய புது வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுகளில் இந்த டர்போ கிடைக்கத் தொடங்கியதும், அண்ணன் வண்டிக்குத் தம்பியின் நுரையீரலைப் பொருத்தும் வேலை ஆரம்பமாயிற்று.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாற்றம் செய்யத் தகுந்தது. ஆனால் பலரையும் இதன் பக்கம் இழுக்கிற குதிரைத்திறன் ஆசை, இதற்கான காரணங்களிலேயே மிகப் பலவீனமானது. அதைவிட வலுவான காரணம் குறைந்த சுற்றில் கிடைக்கும் சுத்தமான இழுவை. எல்லாவற்றிலும் வலுவான காரணம் இறக்கத்தில் இருக்கிறது. இந்த இரண்டுமே, டர்போவை மட்டும் கழற்றி வந்து மாட்டினால் கிடைக்காது. புது வண்டியில் அந்த டர்போவுக்கு நொடிக்குப் பலமுறை கட்டளை கொடுத்துக்கொண்டிருந்த மூளையின் வேலையையும் பழைய வண்டியில் யாராவது செய்தாக வேண்டும். அது இல்லாமல் பொருத்தப்படும் மாறுவழி டர்போ, கழற்றி எறியப்பட்ட பழைய டர்போவைவிட மோசமானது.

ஏன் என்று புரிய, ஏரி மதகை நினைத்துக்கொள்ளலாம். ஏரியில் தண்ணீர் குறைவாக வரும் காலத்தில் மதகுப் பலகையை இறக்கிச் சிறு இடைவெளி மட்டும் விட்டால், பின்னால் மட்டம் ஏறி, கீழே நீர் பீறிட்டுப் பாயும். அதே பலகையை வெள்ளத்தின்போதும் இறக்கியே வைத்திருந்தால் கரை உடையும். டர்போவின் டர்பைன் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் வழியும் இப்படித்தான். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வெளியேறும் வாயு கொஞ்சம்; குறுகிய வழியில் விட்டால்தான் அது வேகம் பிடித்துச் சக்கரத்தில் மோதும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது வாயு பெருக்கெடுக்கும்; அகன்ற வழி இல்லாவிட்டால் பின்னழுத்தம் எகிறும். நிலையான டர்போவில் வழி ஒரே அளவு. எச்எக்ஸ்35-இன் டர்பைன் கூட்டுக்கு 12 சதுர செ.மீ. என்ற அளவைத் தேர்ந்தெடுத்தவர்கள், கீழ்ச் சுற்றுக்குக் கொஞ்சம் பெரிதாகவும் மேல் சுற்றுக்குக் கொஞ்சம் சிறிதாகவும் ஒரு நடுவழியைப் பிடித்தார்கள். மிஞ்சுகிற வாயுவை ஒதுக்கிவிட வேஸ்ட்கேட் என்ற கள்ளவாய்க்கால் உண்டு. மாறுவழி டர்போவில் பலகையே நகர்கிறது. கார்களில் பெரும்பாலும் சிறு இறக்கைகள் வட்டமாக நின்று ஒருசேரத் திரும்பும். 1989-இல் அமெரிக்காவின் ஷெல்பி சிஎஸ்எக்ஸ் காரில் வந்த காரெட் டர்போ இந்த வகை. ஹோல்செட் வேறு வழியில் போயிற்று. அதன் இறக்கைகள் கோணம் மாறாமல் ஒரு வளையத்தின் மேல் நிலையாக நிற்கின்றன. அந்த வளையம் அச்சுவாக்கில் முன்னும் பின்னும் நகர, இறக்கைகள் எதிரே உள்ள தகட்டின் காடிகளுக்குள் நுழைந்து இடைவெளியைக் குறைக்கின்றன. கொதிக்கும் வாயுவுக்குள் தனித்தனியாகத் திரும்பும் கீல்கள் இல்லாததால், பாரவண்டியின் கடினமான வாழ்க்கைக்கு இந்த ஏற்பாடு ஏற்றது என்பது என் எண்ணம்.

கீழ்ச் சுற்றில் காற்று எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 102 மி.மீ.; பிஸ்டன் ஓடும் தூரம் 120 மி.மீ. நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும்போது, நான்கு ஸ்ட்ரோக் என்பதால், ஒவ்வொரு சிலிண்டரும் 750 முறை காற்றை இழுக்கும். டர்போ உதவாவிட்டால், சிலிண்டர் பத்தில் ஒன்பது பங்கு நிரம்புவதாக வைத்துக்கொண்டாலும், கடல்மட்டத்தில் உள்ளே போவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 4.7 கிலோ காற்று. ஒரு கிலோ டீசல் எரிய வேதியியல் கணக்கில் 14.5 கிலோ காற்று போதும். ஆனால் கரும்புகை இல்லாமல் எரிய நடைமுறையில் 20 கிலோவாவது வேண்டும். ஆக நிமிடத்துக்கு 240 கிராம் டீசலுக்கு மேல் ஊற்றினால் மிஞ்சுவது கரி. அந்த 240 கிராமின் வெப்பத்தில் 38 சதவீதம் வேலையாக மாறினால் சுமார் 64 கிலோவாட், அதாவது 400 நியூட்டன் மீட்டர் அளவிலான முறுக்குவிசை. இப்போது டர்போ அதே சுற்றில் 1 பார் பூஸ்ட், அதாவது வளிமண்டலத்துக்கு மேல் அவ்வளவு கூடுதல் காற்றழுத்தம், தருகிறது, இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கிறது என்று கொள்வோம். காற்று 1.8 மடங்காகும், புகையில்லாமல் எரிக்கக்கூடிய டீசலும் அதே மடங்கு கூடும், முறுக்குவிசை 700-ஐத் தாண்டும் அளவுக்குக் காற்று இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த இந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசையே 600 நியூட்டன் மீட்டருக்குள்தான். எனவே பம்பைத் தொடாமலேயே, எஞ்சின் கேட்கிற முழு டீசலையும் 1500 சுற்றிலேயே சுத்தமாக எரிக்கக் காற்று தயார்.

பழைய பம்பிலேயே இதற்கு ஒத்துழைக்கும் ஓர் உறுப்பு இருக்கிறது என்பது இந்த விஷயத்தின் அழகான பகுதி. பி7100 பம்பின் பின்புறம் ஒரு ரப்பர் டயாஃபிரம் உண்டு. பூஸ்ட் அழுத்தம் சிறு குழாய் வழியாக வந்து அதைத் தள்ளும்வரை, ஓட்டுநர் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் முழு டீசலையும் பம்பு விடாது. புகையைக் கட்டுப்படுத்த அன்றைய பொறியாளர்கள் செய்த காவல் அது. வண்டி 'யோசிக்கிறது' என்று தோன்றும் நேரத்தில் பம்பு செய்துகொண்டிருப்பது இந்தக் காத்திருப்பைத்தான். பூஸ்ட் சீக்கிரம் வந்தால் காவலும் சீக்கிரம் விலகும். பொறுமையில்லாத பலர் அந்த டயாஃபிரத்தின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, காற்று வருமுன்பே டீசலைத் திறந்துவிடுகிறார்கள். சாலையில் கரும்புகையாகத் தெரிவதில் பெரும்பங்கு இந்த அவசரத்தின் விளைவு. மாறுவழி டர்போ அந்த ஸ்பிரிங்கை மறுபடி ஒழுங்காக முறுக்கி வைக்க வழிசெய்கிறது. புகை குறைவதற்கும் இழுவை கூடுவதற்கும் ஒரே காரணம் இருப்பது அபூர்வம், இங்கே இருக்கிறது.

'எச்எக்ஸ்35 ஒன்றும் சோம்பேறி டர்போ இல்லையே, 1600, 1700 சுற்றில் நன்றாகவே எழுந்துவிடுகிறதே' என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. அது உண்மை. பாரம் இழுக்காமல் நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்த மாற்றத்தால் கிடைப்பது செலவுக்குத் தகாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆதாயம் முழுவதும் 1100 முதல் 1600 சுற்று வரையிலான குறுகிய பட்டையில் இருக்கிறது. அந்தப் பட்டையில் அதிக நேரம் கழிக்கும் வண்டிக்குத்தான் இது. இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். சிறியதும் பெரியதுமாக இரண்டு டர்போக்களைத் தொடராக வைத்தால் இதைவிடப் பெரிய திறன் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும். 500, 600 குதிரைத்திறன் தேடுபவர் அந்த வழியே போகட்டும். பாரம் இழுக்கும் வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை.

இறக்கத்துக்கு வருவோம். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று வழியில் உள்ள தகடு மூடிக்கொள்ளும். வெற்றிடத்தை எதிர்த்து பிஸ்டன் இழுபட வேண்டியிருப்பதால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். இந்தப் பழைய டீசலில் அந்தத் தகடு கிடையாது. காற்று தாராளமாக உள்ளே வந்து தாராளமாக வெளியே போகும். காலை எடுத்தாலும் வண்டி உருண்டுகொண்டே இருக்கும். அமெரிக்காவின் கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தை 3,400 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. சுரங்கத்தின் மேற்கு வாயிலிலிருந்து சில்வர்தார்ன் ஊருக்கு இறங்கும்போது 600 மீட்டருக்கும் மேல் உயரம் குறைகிறது. டிரக்கும் டிரெய்லருமாக 9 டன் எடை 600 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 5.3 கோடி ஜூல். அது முழுவதும் பிரேக்கிலுள்ள 100 கிலோ இரும்புக்குள் போய், கொஞ்சமும் வெளியே கசியாமல் தங்கினால், இரும்பின் வெப்பம் ஆயிரம் பாகை செல்சியஸுக்கு மேல் உயரும். உண்மையில் காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். இறங்கும் நேரத்தில் பிரேக்கும் கொஞ்சம் ஆறும். ஆனாலும் லைனிங் கருகும் வாடையும், மிதி பஞ்சுபோல உள்ளே போவதும் எங்கிருந்து வருகின்றன என்று இந்த ஒரு கணக்கே காட்டிவிடும். தர்மபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாயில், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கப்படும் லாரிகளுக்கு நேர்வதும் இதே இயற்பியல்தான்.

நம் லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒரு ஸ்விட்ச் இருப்பது பலருக்குத் தெரியும். புகைக்குழாயின் நடுவில் ஒரு தகடு திரும்பி வழியை அடைக்கும். வெளியேற முடியாத வாயுவை எதிர்த்து பிஸ்டன் தள்ள, வண்டி வேகம் குறையும். மாறுவழி டர்போ இதே வேலையைத் தனித் தகடு இல்லாமல் செய்கிறது. நகரும் வளையத்தை ஏறக்குறைய முழுதாக மூடினால் மதகே அணையாகிவிடும். 6.7 லிட்டர் வண்டிகளில் தொழிற்சாலையே தந்த எக்ஸாஸ்ட் பிரேக் இதுதான். தகட்டைவிட இதில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. மீதமிருக்கும் இடுக்கு வழியே பீறிடும் வாயு டர்பைனைச் சுழற்றிக்கொண்டே இருப்பதால், அதே தண்டின் மறுமுனையில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சிலிண்டருக்குள் இன்னும் அதிகக் காற்றைத் திணிக்கிறது. பிஸ்டன் தள்ள வேண்டிய காற்று கூடக்கூட, பிடிக்கும் விசையும் கூடும். மலைப்பாதையில் பாரம் இழுக்கும் பழைய வண்டியின் சொந்தக்காரருக்கு, வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும், இந்த ஒன்றுக்காக இந்த டர்போவைப் பரிந்துரைப்பேன். ஏறும்போது இழுவை குறைந்தால் பயணம் தாமதமாகும். இறங்கும்போது பிடிப்பு குறைந்தால் உயிர் போகும்.

ஆனால் பழைய எஞ்சினின் பலவீனம் வெளிப்படுவதும் இங்கேதான். பிஸ்டன் கீழே இறங்கிப் புதுக்காற்றை இழுக்கும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்க வேண்டும். வால்வின் தலை 4 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 12.5 சதுர செ.மீ. அதன் பின்பக்கம் 4 பார் அழுத்தம் கூடுதலாக நின்றால், ஏறக்குறைய 50 கிலோ எடைக்குச் சமமான விசை வால்வை உள்ளே தள்ளித் திறக்கப் பார்க்கும். தடுத்து நிற்பது ஒரு ஸ்பிரிங். 12 வால்வு எஞ்சினில் தொழிற்சாலை போட்ட ஸ்பிரிங் மென்மையானது. எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்துகிறவர்கள் கெட்டியான ஸ்பிரிங்குக்கு மாறுவது அதனால்தான். டர்போவை மாற்றிவிட்டு ஸ்பிரிங்கை மாற்றாமல் விடுவது, மதகைப் பெரிதாக்கிவிட்டுக் கரையைப் பலப்படுத்தாத வேலை. இதே பின்னழுத்தம்தான் ஹெட் கேஸ்கெட்டையும் சோதிக்கும்.

அப்படியானால் மதகை யார் ஏற்றி இறக்குவது? ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மழையையும் வரத்தையும் வயலின் தேவையையும் பார்த்துப் பலகையை நகர்த்துவார். எச்இ351விஇ டர்போவின் பக்கவாட்டில் இருக்கும் மோட்டார் பெட்டி வெறும் கைதான். ஜே1939 என்ற கனரக வாகனத் தகவல் மரபின்படி வரும் மின்குறிப்புகளைக் கேட்டு வளையத்தை நகர்த்துவதோடு அதன் வேலை முடிந்தது. எவ்வளவு நகர்த்துவது என்ற தீர்மானம் எஞ்சினின் கம்ப்யூட்டரில் இருந்தது. பழைய டாட்ஜில் அப்படியொரு கம்ப்யூட்டரே இல்லை. 'இவ்வளவு சிக்கல் எதற்கு, மோட்டாரைக் கழற்றிவிட்டு, பூஸ்ட் ஏற ஏறத் திறக்கும்படி ஒரு டயாஃபிரமும் ஸ்பிரிங்கும் வைத்தால் போதாதா' என்று கேட்பவர்கள் உண்டு. எளிமையை விரும்பும் மனத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் இந்த ஏற்பாடு ஒரே ஒரு தகவலை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறது. சமதரையில், பாரமில்லாமல், 1800 சுற்றில் ஓடும் வண்டிக்கு அதிகப் பூஸ்ட் தேவையில்லை. பூஸ்ட் குறைவாக இருப்பதால் ஸ்பிரிங் வளையத்தை மூடியே வைத்திருக்கும். சிலிண்டர்களின் வாயு ஒன்றுசேரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் தேவையில்லாமல் 1 பார் அழுத்தம் கூடுதலாக நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அதை எதிர்த்து பிஸ்டன்கள் வாயுவை வெளியேற்ற ஏறத்தாழ 9 கிலோவாட் வீணாகிறது. நெடுஞ்சாலையில் வண்டி ஓட மொத்தமாகத் தேவைப்படுவதே 50 கிலோவாட் அளவில் இருக்கையில், இது சின்ன ஓட்டையல்ல. டர்போ மாற்றியபின் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புபவர்களின் வண்டியில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். கையால் இழுக்கும் லீவர் இன்னும் ஆபத்து. ஏற்றத்தில் மூடிய லீவரை மேல் சுற்றில் திறக்க மறந்தால், கரை உடைய அதிக நேரம் ஆகாது.

நல்ல நீர்க்கட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில: எஞ்சின் என்ன சுற்றில் ஓடுகிறது, ஆக்சிலேட்டர் எவ்வளவு அழுந்தியிருக்கிறது, பூஸ்ட் எவ்வளவு, மேனிஃபோல்டில் எதிரழுத்தம் எவ்வளவு, வெளியேறும் வாயு எவ்வளவு சூடு, டர்போவின் தண்டு என்ன வேகத்தில் சுழல்கிறது. கடைசித் தகவலுக்கான சென்சார் டர்போவிலேயே வருகிறது, அது காரணமில்லாமல் வைக்கப்பட்டதல்ல. 8 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு 1,20,000 முறை சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஒலியின் வேகம் 340 மீட்டர்தான். ஐசன்ஹோவர் சுரங்க உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே அதே பூஸ்டை எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். பூஸ்டை மட்டும் பார்க்கும் கட்டுப்பாடு சக்கரத்தை வெடிக்கும் வேகத்துக்கே துரத்திவிடும். தண்டின் வேகத்தையும் பார்க்கும் கட்டுப்பாடு உரிய இடத்தில் நிறுத்தும். ஏறும்போது வாயுவின் சூடு 700 பாகை செல்சியஸை நெருங்கினால் அலுமினியப் பிஸ்டனுக்கு ஆபத்து. அப்போது வளையத்தைச் சற்றுத் திறந்து மூச்சுவிட வழிசெய்ய வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வளையத்தை அளவுக்கு மீறி மூடினால், கம்ப்ரஸர் தள்ளும் காற்றை வாங்க எஞ்சினால் முடியாமல், காற்று திரும்பி வந்து இருமுவதுபோலச் சத்தமிடும். அந்த அதிர்ச்சி முழுவதும் பேரிங்கில் இறங்கும். இவற்றையெல்லாம் பார்த்து முடிவெடுக்கும் சிறு மைக்ரோகண்ட்ரோலர் இன்று சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. சுற்றும் ஆக்சிலேட்டரும் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த ஓர் அட்டவணை, அதற்கு மேல் தாண்டக்கூடாத சில வரம்புகள். நிரலின் சாரம் அவ்வளவுதான். உண்மையான உழைப்பு அந்த அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் வண்டியை ஓட்டிப் பார்த்து நிரப்புவதில் இருக்கிறது. அதற்கு வாரங்கள் ஆகும். புதுக் கருவி வாங்கும் பணத்தோடு அந்தப் பொறுமையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

'கம்ப்யூட்டர் இல்லாததுதானே இந்த வண்டியின் பெருமை, அதற்குள் போய் ஏன் ஒன்றைச் சொருக வேண்டும்' என்ற மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பாலைவனத்தின் நடுவில் நின்றாலும் ஸ்பேனரால் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை சாதாரண விஷயமல்ல. ஆனால் இந்த மூளை எஞ்சினை ஓட்டவில்லை. டீசல் இன்னமும் பம்பின் கையில்தான் இருக்கிறது. மூளை செத்தால் வளையம் திறந்த நிலைக்குப் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டால், வண்டி பெரிய டர்போ மாட்டிய வண்டிபோல மந்தமாக, புகையோடு, வீடு வந்து சேரும். மூடிய நிலையில் மாட்டிக்கொண்டால்தான் கேடு. எனவே மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வேலையின் முதல் நாளே பதில் கண்டுவிட வேண்டும். மோட்டார் பெட்டி கொதிக்கும் இரும்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பேரிங் கூட்டுக்கும் ரேடியேட்டர் தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர்க் குழாயை இணைக்காமல் விட்டால் முதலில் சாவது அந்த மின்பெட்டிதான். பெட்டியைக் கழற்றி மாட்டும்போது பல்சக்கரம் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும், மூளை 'முழுதும் திற' என்று சொல்வதும் வளையம் உண்மையில் நிற்கும் இடமும் வேறாகிவிடும். ஆயில் செல்லும் வழியிலும் இதே கவனம் வேண்டும். டர்போவிலிருந்து ஆயில் தன் எடையால் மட்டுமே கீழே இறங்க வேண்டும்; குழாய் நடுவில் எங்காவது மேடு விழுந்தால் ஆயில் தேங்கி சீல் வழியே கசிந்து நீலப்புகையாக வெளிவரும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் தொழிற்சாலை தந்த மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சிதைப்பதைத் தடை செய்கிறது. வெளிச்சந்தைப் பாகங்களுக்குக் கலிஃபோர்னியா தனி அனுமதி கேட்கிறது. இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. புகை குறைகிறது என்று வாயால் சொல்வது போதாது. அளந்து காட்ட முடிய வேண்டும். அதற்கும் நேர்மையான வழி, பொருத்துவதற்கு முன்பும் பின்பும் அதே ஏற்றம், அதே பாரம், அதே கியரில் வண்டியை ஓட்டி, பூஸ்டையும் எதிரழுத்தத்தையும் வாயுச் சூட்டையும் பக்கம் பக்கமாக எழுதி வைப்பதுதான். பூஸ்ட் ஏறிய அளவுக்கு எதிரழுத்தம் ஏறினால் நல்லது; அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் அட்டவணை தவறு, டர்போ தவறல்ல.

மிஞ்சியிருக்கும் பழைய குற்றச்சாட்டு, கரி படிந்து வளையம் இறுகிவிடும் என்பது. 6.7 லிட்டர் வண்டிகளில் இது நிஜமாகவே நடந்த தொல்லை. புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் அமைப்பும், நகரத்தில் மெதுவாக ஊர்ந்து ஓடுவதும் சேர்ந்து காடிகளில் கரியை அடைத்தன. 12 வால்வு எஞ்சினில் அந்தத் திருப்பிவிடும் அமைப்பு கிடையாது. ஆனால் பம்பைத் தளர்த்திப் புகைய விட்டால் அதே கரி இங்கேயும் சேரும். எக்ஸாஸ்ட் பிரேக்கை அடிக்கடி பயன்படுத்தும் வண்டிகளில் வளையம் முழுதூரமும் ஓடிப் பழகுவதால் கரி தங்குவது குறைகிறது. இறக்கமே இல்லாத ஊரில் ஓடும் வண்டிக்கு இதை நிரலிலேயே எழுதிவிடலாம். சாவியைத் திருப்பி எஞ்சின் நின்றதும், மின்சாரம் துண்டிக்கப்படுவதற்கு முன்னால், மோட்டார் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இரண்டு முறை நகர்த்தும். சூடான இரும்பு ஆறும் டிக்டிக் சத்தத்துக்கு நடுவே, பானட்டின் அடியில் மெல்லிய உறுமலாக அது கேட்கும்; அன்று ஓடிய ஓட்டத்தின் கரி காடிகளிலிருந்து வழித்தெடுக்கப்பட்டு, வளையம் மறுநாள் காலைக்காகத் திறந்த நிலையில் வந்து நிற்கும்.